மறிக்காமல் விட்ட ஆள்

புளூஸ்டெம் கல்லூரி,
தெற்கு டகோட்டா
11 ஆகஸ்ட் 1974

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

இங்கே நானும் ஜாய்ஸும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அலாஸ்காக் கொசுக்கள் உன்னை இன்னும் முழுசாக விட்டுவைத்திருக்கின்றனவா? ஆர்லன் வியாழக்கிழமை வந்து சேர்ந்தான். மாடி அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டு வேளைக்கென்று ஜாய்ஸ் செய்கிற உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் அவனுக்கு ஒரு வேளைக்கே போதவில்லை. உன் பிள்ளையைப் பற்றி நீ கவலைப்படாதே.

கவலையெல்லாம் எனக்குத்தான். இரண்டு வருடத்தில் பதினெட்டுப் போட்டி, பதினெட்டிலும் தோல்வி. போன வருடம் கடைசி நான்கு போட்டிகளில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இந்த வருடம் மூன்று போட்டியாவது ஜெயிக்காவிட்டால் கல்லூரியில் ஃபுட்பாலையே நிறுத்திவிடுவதாக நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது. தலைவர் என்னைக் கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சிரித்த முகத்தோடு சொன்னார்.

முன்வரிசையில் நிற்கிற என் ஐந்து பையன்களும் சராசரியாக நூற்றுத் தொண்ணூறு பவுண்டு. பண்ணை வேலை செய்து வளர்ந்தவர்கள், மனசு பெரிசு. ஆனால் எதிரே நிற்கிறவன் இருநூற்று நாற்பது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு முயற்சியில் பத்து கஜம் முன்னேற வேண்டிய விளையாட்டில் நாங்கள் நான்கு முயற்சியில் இரண்டு கஜம் பின்னால் போகிறோம்.

அப்பா பள்ளி அணியை நடத்தியபோது பெஞ்சு ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வையும் நோட்டில் வரைந்தவள் நீ. நான் களத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். ஓடுகிறவனுக்கு என்ன தெரியும்? பாதிப் போட்டியில் அப்பா என்னைக் கேட்கமாட்டார், உன் நோட்டைத்தான் கேட்பார். இதை இத்தனை வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடமே சொல்கிறேன். ஏதாவது வழி இருந்தால் எழுது.

அன்புடன்,
வெர்லின்


ஸ்டோனி பெண்ட்,
அலாஸ்கா
23 ஆகஸ்ட் 1974

அன்புள்ள வெர்லினுக்கு,

கடிதம் நேற்றைய விமானத்தில் வந்தது. முழங்கால் நடக்கவிடுகிறது, அது போதும். பள்ளி திறந்துவிட்டது. பதினாறு பிள்ளைகள், ஒரே அறை. ஆற்றில் சால்மன் ஓடுகிற காலம் என்பதால் பாதிப் பேர் மீன் வாசத்தோடு வருகிறார்கள். ஜாய்ஸுக்கு என் அன்பு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு நாற்பத்தேழு வயது. இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவன் கேட்பதற்கு இவ்வளவு நாளாயிற்று.

உன் பையன்களால் அவர்களை மறிக்க முடியவில்லை என்கிறாய். சரி, மறிக்காதே. எல்லோரையும் சொல்லவில்லை, ஒருவனை மட்டும். வரிசை ஓரத்தில் நிற்கிற, அவர்களிலேயே பெரியவனை. உன் ஆட்கள் அவனைத் தொடாமல் தாண்டிப் போய் மற்றவர்களை மறிக்கட்டும். அப்போது மற்ற இடத்திலெல்லாம் உனக்கு ஓர் ஆள் கூடுதல்.

ஆட்டத்தை நடத்துகிற உன் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும் அந்தப் பெரியவனை நோக்கியே நேராக ஓட வேண்டும். நாலு கஜம் தள்ளிப் பக்கவாட்டில் இன்னொரு ஓட்டக்காரன் கூடவே வர வேண்டும். பெரியவன் குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்தால் பந்து பக்கத்து ஆளுக்கு. பக்கத்து ஆளைப் பிடிக்க நகர்ந்தால் குவார்ட்டர்பேக்கே பந்தோடு உள்ளே நுழைந்துவிட வேண்டும். ஒருவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுத்த பிறகுதான் அந்தப் பலத்தால் பிரயோஜனம். அவன் எந்தப் பக்கம் போனாலும் அது தப்பான பக்கமாக இருக்க வேண்டும். படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

முக்கியமான விஷயம் ஒன்று. குவார்ட்டர்பேக் பந்தைச் சீக்கிரம் விட்டுவிடக் கூடாது. பயந்துபோய் முன்கூட்டி எறிந்தால் பெரியவனுக்கு இரண்டு பேரையும் துரத்த நேரம் கிடைத்துவிடும். அவன் மூச்சு முகத்தில் படும்வரை பந்து கையில் இருக்க வேண்டும். அடி விழும். எறிந்த பிறகும் விழும். அதற்குச் சம்மதித்து ஓடுகிறவன் வேண்டும். பலமாகப் பந்து வீசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

உன் குவார்ட்டர்பேக் யார்?

அன்புடன்,
மார்லிஸ்


புளூஸ்டெம்
15 செப்டம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? கம்பளி உறை ஒன்று ஜாய்ஸ் பின்னிக்கொண்டிருக்கிறாள், உன் முழங்காலுக்கு.

நேற்று முதல் போட்டி. 14-12, தோற்றோம். ஆனால் அந்தப் பன்னிரண்டை நீ பார்த்திருக்க வேண்டும். ஆறு ஆறு புள்ளியாக இரண்டு டச்டவுன், இரண்டும் உன் படத்தில் இருந்த அதே நகர்வு. கூடுதல் புள்ளிக்கான உதையை மட்டும் எங்கள் பையன் இரண்டு முறையும் கம்பத்துக்கு வெளியே அனுப்பினான். இல்லையென்றால் சமன்.

முதல் நாள் நான் பலகையில் வரைந்து காட்டியபோது முன்வரிசைப் பையன் பட் எழுந்துவிட்டான்.

"கோச், அவன மறிக்காம விட்டா அவன் நம்மளத் தின்னுடுவான்."

"இப்ப மட்டும் என்ன பண்றான்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்து, "இப்பவும் தின்னுட்டுத்தான் இருக்கான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

நேற்று அவர்கள் அணியின் இருநூற்றைம்பது பவுண்டுக்காரன் மூன்றாம் பகுதியில் அப்படியே அசையாமல் நின்றுவிட்டான் அக்கா. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. எங்கள் ஆட்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். குவார்ட்டர்பேக் பையன் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டான். கொஞ்சமும் கண் சிமிட்டுவதில்லை.

இது உன் யோசனை என்று பையன்களிடம் இன்னும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்வேன்.

அன்புடன்,
வெர்லின்


ஸ்டோனி பெண்ட்
26 செப்டம்பர் 1974

அன்புள்ள வெர்லினுக்கு,

இங்கே சுகம். முதல் பனி விழுந்துவிட்டது, உறையை அனுப்பச் சொல்.

கடிதத்தை விமானத் தளத்திலேயே நின்றுகொண்டு படித்தேன். தபால் பார்க்கிற ஆக்னஸ் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். பன்னிரண்டு புள்ளி என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து எனக்காகவே ஒரு கேக் சுட்டுச் சாப்பிட்டேன்.

இனி எல்லா அணியும் இதை எதிர்பார்க்கும். அதனால் முதலில் பந்தை நடுவில் ஓடுகிறவன் வயிற்றில் வைத்துக் கொடுப்பதுபோல் காட்டச் சொல். கொடுத்தானா, கொடுக்கவில்லையா என்று அவர்கள் பார்ப்பதற்குள் குவார்ட்டர்பேக் ஓரத்துக்குப் போய்விடலாம். படம் உள்ளே.

யார் அந்தப் பையன்? போன முறையும் கேட்டேன். ஆர்லனிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதமில்லை. அவனை எழுதச் சொல்.

அன்புடன்,
மார்லிஸ்


புளூஸ்டெம்
6 அக்டோபர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உறை தனிப் பொட்டலமாக வருகிறது.

இரண்டு ஜெயித்துவிட்டோம்! செப்டம்பர் 21-இல் ஒன்று, நேற்று ஒன்று. நடுவில் ஒன்று தோற்றோம், அதை விடு. நேற்று 20-17. கடைசி நிமிடத்தில். முடிவெட்டும் கடையில் என்னிடம் காசு வாங்கவில்லை. தலைவர் தெருவைக் கடந்து வந்து கை கொடுத்தார்.

நீ கேட்டாயே, குவார்ட்டர்பேக் நம் ஆர்லன்தான். எழுத விட்டுப்போயிற்று. அவனே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. உன் படத்தைப் பார்த்து ஒரே நாளில் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். உன் மூளை.

இன்று ஞாயிற்றுக்கிழமை, தூங்கிக்கொண்டிருக்கிறான். சர்ச்சுக்கு வரவில்லை. வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று ஜாய்ஸிடம் சொல்லித் திரையை இழுத்துவிடச் சொன்னானாம். படிப்பும் விளையாட்டும் சேர்ந்த அலுப்பு. ஜாய்ஸ் சூப் வைத்திருக்கிறாள்.

நடுவில் ஏமாற்றுகிற நகர்வு பிரமாதம். ஆனால் இப்போது ஓரத்து ஆள் யோசிப்பதே இல்லை, எடுத்த எடுப்பில் குவார்ட்டர்பேக் மேல் பாய்கிறான். அதற்கு என்ன செய்யலாம்?

அன்புடன்,
வெர்லின்


புளூஸ்டெம்
13 அக்டோபர் 1974

அன்புள்ள அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். நேற்று மூன்றாவது வெற்றி. பட் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினான், அவனுக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது. மாமா களத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோரையும் போல "டேய் பன்னிரண்டு" என்று சட்டை எண்ணைச் சொல்லித்தான் கத்துகிறார். வீட்டுக்கு வந்ததும் "சாப்பிட்டியாப்பா" என்கிறார். நானும் அங்கே கோச், இங்கே மாமா.

பாறையியல் வகுப்பில் ஆற்றங்கரைக் கல் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நம் யூக்கான் ஆற்றுக் கல் ஒன்று அனுப்புகிறாயா? வகுப்பில் யாரிடமும் இருக்காது.

உன் அன்பு மகன்,
ஆர்லன்


புளூஸ்டெம்
16 அக்டோபர் 1974

அன்புள்ள அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? ரொம்ப நாளாக எழுதவில்லை, மன்னித்துக்கொள். சனிக்கிழமை மூன்றாவது வெற்றி. பட் என்னைத் தோளில் தூக்கி ஓடி முதுகைப் பிடித்துக்கொண்டான். பாறையியல் வகுப்புக்கு ஆற்றங்கரைக் கல் ஒன்று வேண்டுமாம். யூக்கான் கல் ஒன்று அனுப்புகிறாயா அம்மா? வகுப்பில் யாரிடமும் இருக்காது.

உன் அன்பு மகன்,
ஆர்லன்


ஸ்டோனி பெண்ட்
27 அக்டோபர் 1974

அன்புள்ள வெர்லினுக்கு,

இங்கே பத்து நாள் மூடுபனி. விமானமே இல்லை. நேற்றுத்தான் எல்லாக் கடிதங்களும் ஒன்றாக வந்தன. உறை கச்சிதமாக இருக்கிறது, ஜாய்ஸுக்கு நன்றி சொல்.

ஆர்லன்தான் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஓரத்து ஆள் எடுத்த எடுப்பில் பாய்கிறான் என்றால், அவனை வரவிடு. வலது பக்கம் மூன்று அடி எடுத்துவைத்துவிட்டு, நின்று, இடது பக்கம் திரும்ப வேண்டும். பாய்ந்தவன் காற்றைப் பிடிப்பான். இதற்குக் குவார்ட்டர்பேக் பந்தை இன்னும் அரை நொடி கூடுதலாக வைத்திருக்க வேண்டும். அந்த அரை நொடியில்தான் எல்லாம் இருக்கிறது. படம் இரண்டு பக்கம் வரைந்திருக்கிறேன். கடைசிப் போட்டிக்கு வைத்துக்கொள். கார்வர் அணி இதைப் பார்த்திருக்காது.

ஆர்லனிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. கல் கேட்கிறான். அனுப்புகிறேன் என்று சொல்.

அன்புடன்,
மார்லிஸ்


புளூஸ்டெம்
6 நவம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்.

ஐந்து வெற்றி, மூன்று தோல்வி. நம்ப முடிகிறதா? கல்லூரியில் ஃபுட்பால் இருக்கும் என்று உறுதியாகிவிட்டது. இந்தச் சனிக்கிழமை போட்டி இல்லை. 16-ஆம் தேதி கார்வர். இந்த வருடம் அவர்கள் ஒன்றுகூடத் தோற்கவில்லை. அதையும் ஜெயித்தால் எனக்கு மூன்று வருட ஒப்பந்தம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

உன் மூன்றடி நகர்வை இன்று பயிற்சியில் போட்டுப் பார்த்தோம். எங்கள் ஆட்களே ஏமாந்தார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். போன சனிக்கிழமை பையன்கள் வட்டமாகக் குனிந்து நிற்க, ஆர்லன் அடுத்த நகர்வின் பெயரைச் சொன்னான். அது எங்கள் பட்டியலிலேயே கிடையாது. அவன் பள்ளிக்கூடத்தில் ஆடிய நகர்வாம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பட் வேறு பெயரைச் சொல்லிச் சமாளித்தான். அதிலும் ஏழு கஜம் கிடைத்தது.

ஆர்லன் நலம்.

அன்புடன்,
வெர்லின்


தந்தி
14 நவம்பர் 1974

ஆர்லனை ஆட விடாதே. டாக்டரிடம் காட்டு. காரணம் உனக்குத் தெரியும். மார்லிஸ்.


புளூஸ்டெம்
17 நவம்பர் 1974

அக்கா,

ஆர்லன் மாடியில் தூங்குகிறான். பக்கத்தில் ஜாய்ஸ் இருக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தந்தி வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். பயிற்சி முழுவதும் நடத்தினேன். ஆர்லனும் ஆடினான். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றடி நகர்வை ஐந்து முறை போட்டோம். ஐந்தாவது முறை அவன் இடது பக்கம் திரும்புவதற்குப் பதிலாக நின்றுவிட்டான். யாரும் அவனைத் தொடவில்லை. சும்மா நின்றான்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார வைத்தேன்.

"கடைசியா யாரோட ஆடினோம்?" என்று கேட்டேன்.

அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஒரு அணியின் பெயரைச் சொன்னான். செப்டம்பரில் நாங்கள் முதலில் தோற்ற அணி அது.

"நாளைக்கு நீ ஆடல."

"ஏன்?"

"உங்க அம்மா தந்தி அடிச்சிருக்கா."

"அம்மாவுக்கு அங்கேர்ந்து என்ன தெரியும்? மாமா, ஒரே ஒரு போட்டி. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்."

நான் தந்தியின் பின்னால் ஒளிந்துகொண்டேன் அக்கா. எனக்கே தெரியும் என்று அவனிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். அக்டோபர் 5-லிருந்தே எனக்குத் தெரியும். அன்று ஒரு பெரிய அடி. போட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது ஸ்கோர் என்ன என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் சொன்னேன். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தானே ஆகும், எழுந்து ஓடுவோம். ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமைக்குள் சிரித்துப் பேசுவான். அந்தச் சிரிப்பை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று வென்டல் ஆடினான். இசை படிக்கிற பையன், மெதுவாக ஓடுவான். ஆள் கிட்டே வருவதற்கு முன்பே பந்தை எறிந்துவிடு என்று சொல்லி அனுப்பினேன். நீ எழுதியது சரி, முன்கூட்டி எறிந்தால் பெரியவனுக்கு இரண்டு பேரையும் துரத்த நேரம் கிடைத்துவிடுகிறது. 34-7, தோற்றோம். நம் ஊர்க்காரர்களே கூச்சலிட்டார்கள். பாதிப் போட்டியில் பட் வந்து நின்றான்.

"எங்க எல்லாரையும் விட ஒங்க மருமகன்தான் பெரிசா, கோச்?"

"ஆமா" என்றேன். அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய் ஆடினான். மூக்கில் ரத்தம் வர வர ஆடினான்.

ஆர்லன் கோட்டு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் பெஞ்சில் இருந்தான். மூன்றாம் பகுதியில், "மாமா, நான் ஏன் ஆடல?" என்று கேட்டான். களத்தில் அவன் என்னை மாமா என்று கூப்பிட்டதே கிடையாது. சொன்னேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னேன்.

இன்று காலை டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். இருட்டறையில் படுத்திருக்க வேண்டும், படிக்கக் கூடாது, இந்த விளையாட்டு இனி எப்போதும் கூடாது என்றார். மீதி நினைவு திரும்புமா என்று கேட்டேன். பெரும்பாலும் திரும்பும், சில வார நினைவு மட்டும் திரும்பாமலே போகலாம் என்றார்.

தலைவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வந்தாலும் நான் இந்த வேலையில் இருக்கப் போவதில்லை. நீ வா.

வெர்லின்


ஸ்டோனி பெண்ட்
19 ஜனவரி 1975

அன்புள்ள வெர்லினுக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். ஆர்லன் நன்றாகத் தூங்குகிறான், சாப்பிடுகிறான். தலைவலி வாரத்துக்கு ஒருமுறைதான். என் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறான். ஒரே கணக்கை இரண்டு முறை கொடுத்தால் அவர்கள் விடுவதில்லை, கையைத் தூக்கிவிடுகிறார்கள். அவனும் சிரிக்கிறான்.

உன் வீட்டில் மூன்று வாரம் இருந்தும் உன்னிடம் நான் பேசவில்லை. உப்பை எடு, கதவைச் சாத்து என்பதோடு சரி. கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் முழுதும் உன் மேல் இல்லை. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆர்லனின் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன. மூன்று நாள் இடைவெளியில் எழுதியவை. இரண்டும் ஒரே கடிதம். அதே பட், அதே முதுகு, அதே கல். நான் ஆசிரியை, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் கடிதத்தில் திரையை இழுத்துவிடச் சொன்னான் என்றும் இருந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது வெர்லின். புரிந்த பிறகு அவற்றை இழுப்பறையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து உனக்கு மூன்றடி நகர்வை வரைந்தேன். இன்னும் அரை நொடி வைத்திருக்கச் சொல் என்று எழுதினேன். எந்தப் பையனைச் சொல்கிறேன் என்று தெரிந்தே எழுதினேன். கார்வரை ஜெயிக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை அதிகமாக இருந்தது. பதினெட்டு நாள் கழித்து, நீ வேடிக்கை என்று எழுதியதைப் படித்த பிறகுதான் தந்தி கொடுத்தேன்.

அக்டோபர் மாதம் அவனுக்கு நினைவில் இல்லை. யாராவது ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் தலையாட்டுகிறான், தெரிந்ததுபோல. போன வாரம் உன் கடிதங்களைக் கேட்டான். தான் எப்படி ஆடினோம் என்று படிக்க வேண்டுமாம். கொடுத்தேன். நான் எழுதியவற்றின் நகலும் என்னிடம் இருந்தது, அதையும் கொடுத்தேன். டாக்டர் சொன்னபடி தினம் கொஞ்சமாக நாலு நாள் படித்தான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

படித்து முடித்ததும் கட்டி என் முன்னால் வைத்தான்.

"ஓரத்துல நிக்கறவன் என்ன பண்ணான்னு இருக்கு. ஸ்கோர் இருக்கு. முடிவெட்டறவர்கூட இருக்காரு. நான் என்னம்மா பண்ணேன்?"

நான் அங்கே இல்லை என்று சொன்னேன். உண்மைதான், ஆனால் அது பதில் அல்ல.

நீ அங்கே இருந்தாய். அவனுக்கு எழுது. ஜெயித்ததை மட்டும் எழுதாதே.

ஜாய்ஸுக்கு என் அன்பு.

உன் அக்கா,
மார்லிஸ்


புளூஸ்டெம்
2 பிப்ரவரி 1975

அன்புள்ள ஆர்லனுக்கு,

நானும் உன் அத்தையும் சுகம். உன் தலைவலி குறைந்திருப்பதாக அம்மா எழுதியிருந்தாள். மாடி அறை அப்படியே இருக்கிறது. இந்த வாரம் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வேலை பழகிவிடும். பட் ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னை விசாரித்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 5-இலிருந்து எழுதுகிறேன். அதற்கு முந்தியது உனக்கு நினைவிருக்கிறது என்று அம்மா சொல்கிறாள்.

அன்று மழை தூறியது. முதல் பாதியில் நீ பதினோரு முறை பந்தோடு ஓடினாய். பந்து ஒருமுறைகூடக் கைநழுவவில்லை. ஒரு நகர்வில் ஓரத்து ஆள் உன் மேல் பாய்வதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்கினான். எறியக் கையைத் தூக்கியவன் நீ, அந்தரத்தில் மனதை மாற்றி, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவனைச் சுற்றிப் போனாய். இருபத்திரண்டு கஜம். அதை யாரும் சொல்லித்தரவில்லை. உன் அம்மா வரைந்த படத்தில் இல்லை, எனக்கும் தெரியாது. நான் பார்த்த குவார்ட்டர்பேக்குகளில் அப்படிச் செய்தவன் வேறு ஒருவனும் இல்லை. இதை நான் அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான்காம் பகுதியில், நாம் 13-17 என்று பின்தங்கியிருந்தபோது, நீ பந்தை எறிந்து முடித்த பிறகு இரண்டு பேர் உன்னைச் சாய்த்தார்கள். எனக்குப் பத்தடி தூரத்தில். உன் தலை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் நீ அசையவில்லை. பிறகு எழுந்தாய், எழுந்து அவர்கள் பெஞ்சை நோக்கி நடந்தாய். பட் ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்து நம் பக்கம் திருப்பினான். நீ என்னைப் பார்த்தாய். என்னை அடையாளம் தெரியாத பார்வை அது. எனக்கு அது புரிந்தது. புரிந்தும் அடுத்த நகர்வுக்கான சைகையைக் காட்டினேன். நீ தலையாட்டினாய்.

அதற்கப்புறம் ஆறு நகர்வு. ஆறாவதில் நீ கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டாய். அதில்தான் ஜெயித்தோம்.

அதை எப்படிப் போட்டாய் என்று என்னால் எழுத முடியவில்லை. பையன்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை ஆர்லன். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா பேச்சைக் கேள்.

உன் மாமா,
வெர்லின்